அனான்சியின் குடமும் தரம் 7 ஆங்கிலமும்: ஆபிரிக்கக் கதை வைத்துப் படிப்பிப்பது எப்படி

ஆங்கிலப் பாடத்துக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்தவர்களுக்கும், பின்னேரங்களில் கோயில் மண்டபத்திலோ வீட்டு முற்றத்திலோ பிள்ளைகளை இருத்திச் சொல்லிக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் தரம் 6 முதல் 9 வரை படிப்பிக்கிறேன். எங்கட பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏறாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஏறும். வாயைத் திறந்து சொல்ல அவர்களுக்கு ஒரு விசயம் வேண்டும், அதைக் கதை கொடுக்கும்.

கதை என்றால் ஏன் ஆபிரிக்காவுக்குப் போக வேண்டும்? அங்கே பல சமூகங்களில் கேட்பவர் சும்மா இருந்து கேட்பதில்லை. கதை சொல்பவர் ஒன்று சொன்னால் கூட்டம் திருப்பிச் சொல்லும், இடையில் பாடும். அம்மம்மா கதை சொல்லும்போது ம் கொட்டி வளர்ந்த பிள்ளைக்கு இது புது விசயமே இல்லை. அந்த ம் என்ற இடத்தில் ஒரு ஆங்கில வரியை வைக்கிறோம். நாலு பாடவேளை போதும், ஒவ்வொன்றும் 40 நிமிடம்.

முதல் படி: ஒரே ஒரு கதை

ஐந்தாறு கதையை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். தொடக்கத்துக்கு நான் எடுப்பது அனான்சியின் அறிவுக் குடம். அனான்சி என்பது சிலந்தி. மேற்கு ஆபிரிக்காவில் கானா நாட்டின் அகான் மக்கள், குறிப்பாக அசாந்தே மக்கள் சொல்லும் கதைகளின் நாயகன். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு கடல் தாண்டி ஜமெய்க்கா வரை போன கதைகள் இவை.

கதை சின்னது. உலகத்து அறிவு முழுவதையும் அனான்சி ஒரு குடத்தில் சேர்க்கிறான். யாருக்கும் கிடைக்கக் கூடாதென்று உயரமான மரத்து உச்சியில் ஒளிக்கப் போகிறான். குடத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு ஏறுகிறான், வழுக்குகிறான், மறுபடியும் ஏறுகிறான், வழுக்குகிறான். கீழே நின்ற மகன் ந்திகுமா, ‘முதுகில் கட்டினால் ஏறலாமே அப்பா’ என்கிறான். அறிவெல்லாம் தன் குடத்துக்குள் என்று நினைத்தவனுக்கு ஒரு சின்னப் பையன் அறிவு சொல்கிறான். அந்த ஆத்திரத்தில் குடம் நழுவி விழுந்து உடைகிறது. அறிவு எல்லா இடமும் சிதறுகிறது, ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கிறது.

இரண்டு கதாபாத்திரம், ஒரு மரம், திரும்பத் திரும்ப ஒரே செயல். தொடக்க வகுப்புக்கு இதைவிட வசதியான கதை நான் காணவில்லை. பிறகு வேறு கதை தேவைப்பட்டால், தென்னாபிரிக்காவிலிருந்து நடத்தப்படும் ஆபிரிக்கன் ஸ்டோரிபுக் இணையத்தளத்தில் வாசிப்புத் தரம் பிரித்த கதைகளை இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம்.

இரண்டாம் படி: வரைபடம், பத்து நிமிடம்

ஆபிரிக்காவை ஒரு நாடு என்று நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். சிங்கமும் பாலைவனமும்தான் அவர்கள் கண்ட படம். வரைபடத்தைத் தொங்கவிட்டு, அங்கே 54 நாடுகள் என்று சொல்லுங்கள். கானாவைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். 1957இல் பிரித்தானியரிடமிருந்து சுதந்திரம் பெற்ற நாடு, ஆட்சி மொழி ஆங்கிலம். ஆனால் வீட்டில் ட்வி போன்ற தங்கள் மொழியைப் பேசிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் அங்கே ஏராளம். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நெருக்கம் வரும். ‘அவங்களும் எங்களப் போலதானா சேர்?’ என்று கேட்பார்கள்.

மட்டக்களப்புப் பறங்கியரின் கல்யாண வீட்டில் ஆடும் கஃப்ரிஞ்ஞாவையும் சொல்லுங்கள். ஆபிரிக்கரைக் குறித்த காப்பிரி என்ற பழைய சொல்லிலிருந்து வந்த பெயர் அது, அந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஆபிரிக்கா இருக்கிறது. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் இன்றைக்கும் மஞ்சா என்ற தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள்.

ஒன்றில் நான் கண்டிப்பாக இருப்பேன். முகத்தில் கரி பூசுவது, இலை தழை கட்டி ஆடுவது, காட்டுவாசி என்று சொல்வது எதுவும் என் வகுப்பில் இல்லை. எங்கட கூத்தை யாராவது அப்படிக் கேலியாக ஆடினால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

மூன்றாம் படி: முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்

முதல் முறை கதையை முழுக்கத் தமிழில் சொல்லுங்கள், ஐந்து நிமிடம். இதை ஏற்காத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளைதான் ஆங்கில வரியைப் பயப்படாமல் கேட்கும். நான் முதல் வருடம் இதைச் செய்யாமல், நாற்பது சொற்களைக் கரும்பலகையில் எழுதி கொப்பியில் எழுத வைத்தேன். பிள்ளைகள் சொற்களை மனனம் செய்தார்கள், கதை ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை.

இரண்டாம் முறை ஆங்கிலத்தில், பத்தே வரியில். ஒரு வரிக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். கையும் உடம்பும் சேர்ந்து பேசட்டும்.

அகான் மக்களிடம் ம்மோகுவோ என்று ஒரு வழக்கம் உண்டு. கதை நடந்துகொண்டிருக்கும்போதே கேட்பவர்களில் ஒருவர் பாட்டை எடுத்துவிட, மற்றவர்களும் சேர்ந்து பாடுவார்கள். எங்கட கூத்துக் களரியில் அண்ணாவியார் பாடும் வரியைப் பின்னால் நிற்பவர்கள் எடுத்துப் பாடுவதைப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை. ‘ஹி க்ளைம்ட் அண்ட் ஹி ஸ்லிப்ட்’ என்பதை வகுப்பின் பாட்டாக வையுங்கள். நீங்கள் கை காட்டும் ஒவ்வொரு முறையும் எல்லோரும் சொல்ல வேண்டும். மேசையில் தாளம் தட்டினால் தட்டட்டும்.

இங்கேதான் உச்சரிப்பைத் திருத்த நல்ல இடம். பிள்ளைகள் ‘க்ளைம்பெட்’ என்பார்கள். இறந்தகால முடிவுக்கு மூன்று ஓசை உண்டு என்று இந்தக் கதையை வைத்தே காட்டலாம். க்ளைம்ட் என்பதில் மெல்லிய ட், ஸ்லிப்ட் என்பதில் காற்றோடு வரும் ட், ஷௌட்டட் என்பதில் தனி அசை. விதியை எழுதிப் போடாதீர்கள், பத்துத் தடவை பாட விடுங்கள். சிலந்தியின் ஆங்கிலப் பெயர் ‘இஸ்பைடர்’ என்றுதான் முதலில் வரும். ஸ் என்று பாம்பு மாதிரி இழுத்துவிட்டுப் பைடர் என்று சேர்க்கச் சொன்னால் முன்னால் நிற்கும் இ போய்விடும்.

நான்காம் படி: குடத்தைக் கட்டிப் பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் குடமும் ஒரு சால்வையும் கொண்டு போங்கள். ஒரு பையனின் வயிற்றில் குடத்தைக் கட்டி வாங்கில் ஏறச் சொல்லுங்கள். முழங்கால் குடத்தில் இடிக்கும், வாங்கு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள், விழுந்துவிடக் கூடாது. போன தவணை பின் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை பொறுக்க முடியாமல் எழும்பி, ‘புட் இட் ஒன் யுவர் பேக்!’ என்று கத்தியது. அந்த வருடம் அவள் வகுப்பில் பேசிய முதல் ஆங்கில வரி அது. ந்திகுமாவின் வசனம் என்று தெரிந்தே சொன்னாள்.

உடனே ஏன் என்று கேளுங்கள். ‘வை?’ என்ற ஒரே கேள்வி. ‘பிகோஸ்’ என்று தொடங்கி எப்படிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிழை திருத்துவதற்கு அடுத்த பாடவேளை இருக்கிறது.

ஐந்தாம் படி: வினை நடந்து போகட்டும்

எழுதத் தொடங்கியதும் வரும் பெரிய பிழை சொல் ஒழுங்கு. ‘அனான்சி த பொட் ஹிஸ் பெலி டைட்’ என்று எழுதுவார்கள். அது தமிழ் வசனம், ஆங்கிலச் சட்டை போட்டிருக்கிறது. அதற்காகப் பிள்ளையை ஏசக் கூடாது.

பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழில் நாலு அட்டை எழுதுங்கள்: அனான்சி, குடத்தை, வயிற்றில், கட்டினான். நாலு பிள்ளைகள் அட்டையோடு வரிசையாக நிற்கட்டும். பிறகு, ‘கட்டினான் எங்க? நீங்க நடந்து வந்து அனான்சிக்குப் பக்கத்தில நில்லுங்க’ என்று சொல்லுங்கள். கடைசியில் நின்ற பிள்ளை இரண்டு பேரைத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வரும். அதன் பிறகு அட்டைகளைத் திருப்பினால் மறுபக்கத்தில் ஆங்கிலம்: அனான்சி, டைட், த பொட், டு ஹிஸ் பெலி. வயிற்றில் என்ற சொல்லின் வாலில் இருந்த இல், ஆங்கிலத்தில் தலைக்கு முன்னால் டு என்று வந்து நிற்பதையும் அப்போதே காட்டலாம். நடந்து பார்த்த பிள்ளை மறக்காது. இதற்கு ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் பரவாயில்லை.

கொப்பியில் ஐந்து வரி எழுதினால் போதும். ஃபர்ஸ்ட், தென், ஆஃப்டர் தட், ஃபைனலி என்ற நாலையும் கரும்பலகை ஓரத்தில் வெண்கட்டியால் எழுதி விடுங்கள்.

ஆறாம் படி: நொடி போட்டு ஊர் கொடுங்கள்

நொடி என்றால் விடுகதை. இது எனக்கு மிகப் பிடித்த படி. கிழக்கு ஆபிரிக்காவின் சுவாஹிலி பேசும் மக்களிடமிருந்து வருவது, கானாவிலிருந்து வெகு தூரம். வரைபடத்தில் கென்யாவையும் தான்சானியாவையும் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

அங்கே நொடி போடுபவர் ‘கிடெண்டாவிலி’ என்பார். நொடி என்று பொருள். கேட்பவர்கள் ‘டேகா’ என்பார்கள். பொறியை வை என்பது அதன் கருத்து. பதில் தெரியாவிட்டால் போட்டவர் ‘எனக்கு ஒரு ஊர் தா’ என்று கேட்பார். தோற்றவர் ஒரு ஊரின் பெயரைக் கொடுத்த பிறகுதான் விடை வெளியில் வரும்.

முதல் நாள் வீட்டுவேலையாக, அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ ஒரு நொடி கேட்டு வரச் சொல்லுங்கள். வகுப்பில் இரண்டு பேராகச் சேர்ந்து அதை ஆங்கிலமாக்கட்டும். ‘ஓடும் குதிரை, ஒளியும் குதிரை, தண்ணீரைக் கண்டால் தவிக்கும் குதிரை’ என்பது ஒவ்வொரு வருடமும் வரும். ‘இட் ரன்ஸ், இட் ஹைட்ஸ், இட் இஸ் அஃப்ரெய்ட் ஒஃப் வோட்டர்’ என்று ஆக்கினால் போதும். இட்டுக்குப் பிறகு வினையில் ஒரு ஸ் ஒட்ட வேண்டும் என்பது இந்த மூன்று வரியிலேயே பழகிவிடும். விடை செருப்பு.

தோற்றவர் ‘ஐ கிவ் யூ கல்முனை’ என்று கொடுக்க வேண்டும். ஊரை வாங்கியவர் அங்கே என்ன செய்யப் போகிறார் என்று மூன்று வரி சொன்ன பிறகே விடையைச் சொல்லலாம். ஊர்களின் பெயர்கள் பறக்கும். களுவாஞ்சிகுடி போகும், அக்கரைப்பற்று போகும், பாசிக்குடாவுக்குப் போட்டி வரும்.

ஒரு பையன் மூன்று நொடியில் வென்று மூன்று ஊர் வாங்கினான். நாலாவதில் தோற்றான். வாங்கிய ஊர்களில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு எழும்பி நின்று, ‘ஐ கிவ் யூ கானா’ என்றான். வாங்கிய பிள்ளை வரைபடத்தடிக்குப் போய் கானாவைத் தொட்டுக்கொண்டு தன் மூன்று வரியைச் சொல்லத் தொடங்கினாள்: ‘ஐ கோ டு கானா. ஐ ஸீ அனான்சி.’ மூன்றாவது வரிக்கு முன்னால் மணி அடித்தது. அடுத்த நாள் காலையில் நான் வகுப்புக்குள் கால் வைக்க முதலே அதைச் சொல்லிவிட்டாள்: ‘ஐ ஆஸ்க் ஹிம் எ நொடி.’