மின்படகில் உலகைச் சுற்றக் கிளம்புமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?" மின்படகைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் முதல் கேள்வி இது. பெருங்கடல் பயணத்துக்கு இந்தக் கேள்வியே தவறு. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் (கிலோவாட் மணி) ஆற்றல் உண்டு. அதில் புரொப்பெல்லர் தண்டுக்கு வந்து சேர்வது 3 யூனிட்தான். அப்படிப் பார்த்தாலும் 30 யூனிட் பேட்டரி 10 லிட்டர் டீசலுக்குத்தான் ஈடு. கலாபகஸ் தீவுகளிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்குச் சுமார் 3,000 கடல் மைல். அந்தத் தூரத்தைக் காற்றில் விரியும் பாய்தான் கடக்கும். துறைமுகத்துக்குள் நுழையவும், பாறையிலிருந்து விலகவும், காற்று செத்த இடத்தில் சில மணி நேரம் நகரவும்தான் மோட்டார்.

பாயே இல்லாமல், சூரிய ஒளியை மட்டும் நம்பி 2010 முதல் 2012 வரை உலகைச் சுற்றிய பிளானட்சோலார் படகின் அளவைப் பாருங்கள்: 31 மீட்டர் நீளம், 537 சதுர மீட்டர் பேனல், 8.5 டன் பேட்டரி. 12 மீட்டர் பாய்மரப் படகில் 6 முதல் 8 சதுர மீட்டர் பேனலுக்கு இடம் கிடைத்தாலே பெரிது.

அடுத்த தவறு, வேகத்துக்கு ஆசைப்படுவது. வேகம் கூடக் கூடத் தேவைப்படும் திறன் அதன் மும்மடியில் ஏறும்: வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. 10 டன் எடையுள்ள 12 மீட்டர் படகு, அமைதியான நீரில் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் போக 4.5 கிலோவாட் போதும் என்று வைத்துக்கொள்வோம். 7 நாட் வேகத்துக்கு 12 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 30 யூனிட் பேட்டரியில் 24 யூனிட்டைப் பயன்படுத்தினால், 4 நாட் வேகத்தில் 40 கடல் மைல் போகலாம். 7 நாட் வேகத்தில் 14 மைலோடு சரி. எதிர்காற்றும் அலையும் சேர்ந்தால் அதுவும் பாதியாகும்.

மோட்டாருக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, படகுக்குள் நாள் முழுக்க ஓடும் செலவை மறந்துவிடுகிறார்கள். தானியங்கி சுக்கானுக்கு 1 யூனிட், ஃபிரிட்ஜுக்கு 0.8, இண்டக்‌ஷன் அடுப்புக்கு 1.2, கடல்நீரைக் குடிநீராக்க 0.3, ரேடார், ரேடியோ, விளக்குகளுக்கு 1. ஆக, ஒரு நாளைக்கு நாலு யூனிட்டுக்கு மேல். 1.2 கிலோவாட் பேனல், பாய்மர நிழலெல்லாம் போக, நல்ல வெயில் நாளில் தருவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மோட்டாருக்கு மிச்சம் வேண்டுமென்றால் பேனலைக் கூட்டுங்கள், அல்லது செலவைக் குறையுங்கள். எல்லாப் பேனல்களையும் தொடராக இணைத்து ஒரே சார்ஜ் கன்ட்ரோலரில் முடிப்பதும் நஷ்டம்தான். ஒரு பேனலில் விழும் கயிற்றின் நிழல்கூட மொத்த வரிசையின் விளைச்சலைக் குறைத்துவிடும். பேனலுக்கு ஒரு எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தைக் கறக்கும் கருவி) வையுங்கள்.

"பாயில் ஓடும்போது புரொப்பெல்லர் சுழன்று பேட்டரியை நிரப்பிவிடும்" என்பார்கள். நிரப்பும், காற்று இருந்தால். இங்கும் அதே மும்மடிக் கணக்குதான். 6 நாட் வேகத்தில் 300 வாட் தரும் புரொப்பெல்லர், 4 நாட் வேகத்தில் 90 வாட்கூடத் தராது. நிலநடுக்கோட்டை ஒட்டிக் காற்று ஓய்ந்து கிடக்கும் டோல்ட்ரம்ஸ் பகுதியில், மோட்டார் தேவைப்படும் அதே நேரத்தில், இந்த வரவு வற்றிப்போகும். மடியும் வகைப் புரொப்பெல்லர் பூட்டியிருந்தால் அந்த வரவையும் நம்ப முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, இது ஆபத்தானது. பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருக்கும்போது பலத்த காற்றில் புரொப்பெல்லர் சார்ஜ் செய்துகொண்டே இருந்தால், பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுக் கருவி) திடீரென்று இணைப்பைத் துண்டிக்கும். போக இடமில்லாத மின்சாரம் வோல்ட்டேஜை ஏற்றி மோட்டார் கன்ட்ரோலரைச் சுட்டுவிடும். ஆகவே 90 சதவீதத்திலேயே சார்ஜிங் தானாகக் குறையும்படி அமையுங்கள். பேட்டரி வற்றும்போதும் அப்படித்தான்: பிஎம்எஸ் துண்டிக்கும் முன்பே அலாரம் அடித்து, மோட்டாரின் திறன் படிப்படியாகக் குறைய வேண்டும். அலைதடுப்புச் சுவருக்கு இருபது மீட்டர் தள்ளி, முன்னறிவிப்பில்லாமல் மோட்டார் நின்றால் படகு மிஞ்சாது. பேட்டரியை இரண்டு தொகுப்பாகப் பிரித்தவர்களும் கவனிக்க: ஒன்று கழன்றால் முழுக் கரண்டும் மற்றொன்றின் தலையில் விழுந்து அதையும் துண்டிக்கும். அப்போது கன்ட்ரோலர் பாதித் திறனுக்கு இறங்கும்படி அமைத்திருக்க வேண்டும்.

கேபிள் முனைகளைப் பிரித்துப் பாருங்கள். 48 வோல்ட்டில் 10 கிலோவாட் என்றால் 200 ஆம்பியருக்கு மேல் ஓடும். சரியாக அழுத்தாத ஒரு லக்கில் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) வெறும் 1 மில்லிஓம் தடை இருந்தால் போதும், அந்த இடத்தில் 40 வாட் சூடு பிறக்கும். சால்டரிங் அயர்னின் சூடு அது, அதுவும் ஒரு விரல் அளவு இடத்துக்குள். மேலே போர்த்திய பிளாஸ்டிக் உறை பழுப்பாவதுதான் முதல் அடையாளம். லக்கை அழுத்திப் பிடிக்க ஹைட்ராலிக் கிரிம்பர், டின் பூசிய செம்புக் கேபிள், 70 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு: இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் வெப்பமானியால் அளந்து எழுதிவையுங்கள். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் பல ஆயிரம் ஆம்பியர் பாயும் என்பதால், T வகுப்பு (Class T) ஃபியூஸைப் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள்.

பனாமா கால்வாய் சுமார் 80 கிலோமீட்டர். அங்கே பாய் விரிக்க முடியாது. 5 நாட் வேகத்தில் ஒன்பது மணி நேரம், 40 யூனிட். இரவில் காட்டூன் ஏரியில் நங்கூரமிட்டாலும் பேட்டரியை நிரப்ப வழி இருக்காது. முன்கூட்டியே கணக்குப் போட்டு, போதாதென்றால் இழுவைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. தென்கோடிக் கடல்களுக்குப் போகிறவர்கள் பேட்டரி அறைக்கு வெப்பத்தகடு போடட்டும்.

கடைசியாக, உதிரிகள். மோட்டார் கன்ட்ரோலர், பிஎம்எஸ், வேக நெம்புகோலின் சென்சார் மூன்றிலும் கூடுதலாக ஒன்று, இடி மின்னலுக்கு அஞ்சி உலோகப் பெட்டியில் இருக்கட்டும். வாங்கி வைத்தால் மட்டும் போதாது: அமைப்புகளை (செட்டிங்ஸ்) ஏற்றாத புது கன்ட்ரோலர் மோட்டாரை அசைக்கக்கூட அசைக்காது. கரையில் இருக்கும்போதே அதை மாட்டி, அமைப்புகளை ஏற்றி, மோட்டார் இரு திசையிலும் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். இணைப்புக் கேபிளும் அதே பெட்டியில்.