பழைய தோட்ட டிராக்டர்: புதுக் காயில் வாங்கும் முன்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில் "போச்சு" என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. பழைய பெட்ரோல் டிராக்டருக்குக் காயில் கிடைப்பதே பெரும்பாடு. அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் மழையும் மூடுபனியும் விடாது. ஷெட்டில் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் பிடிப்பது பெரும்பாலும் ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயிண்டையும், வண்டி உடம்போடு சேரும் எர்த் இணைப்பையும்தான்.

மேக்னட்டோ வண்டியில் (பேட்டரி இல்லாமல் ஃபிளைவீல் காந்தத்தால் ஸ்பார்க் உண்டாகும் வகை) சாவியை ஆஃப் செய்தால், காயிலிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் வயர் எர்த் ஆகி இஞ்சின் நிற்கும். அதே வயர் தோலுரிந்து பாடியில் பட்டாலும் ஸ்பார்க் வராது. அதைக் கழற்றிவிட்டு, வெளியே எடுத்த பிளக்கை இஞ்சின் உலோகத்தில் அணைத்து, இஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யவே கூடாது. ஸ்பார்க் வந்தால் காயில் நன்றாகவே இருக்கிறது. வயரையும் ஸ்விட்சையும் பாருங்கள். வயரை மாட்டாமல் மட்டும் வண்டியை ஓட்டாதீர்கள், சாவியால் நிறுத்த முடியாது.

பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் அதிகம். தாளின் துகள் பாயிண்டில் பதிந்து மறுபடியும் கரண்டைத் தடுக்கும். மெல்லிய பாயிண்ட் அரத்தால் லேசாக இழுத்து, அப்புறம் சுத்தமான வெள்ளை அட்டையை நடுவில் விட்டு உருவுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை உருவ வேண்டும். பாயிண்ட் திறக்கும் இடைவெளி பல மாடல்களில் 0.5 மி.மீ.

ஃபிளைவீலை (இஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) சுத்தியலால் தட்டிக் கழற்றினால் காந்தம் விரிசல் விடலாம். இழுத்துக் கழற்றும் புல்லர் கருவியைப் போடுங்கள். மேக்னட்டோ காயிலுக்கு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துச் சோதிப்பதும் வேண்டாம், நல்ல காயிலும் எரிந்துவிடும்.

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, ஓடும் இஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றுவார்கள். பழைய டைனமோ காலத்துப் பழக்கம் இது; இப்போது, பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் காவு வாங்கும். மல்டிமீட்டர் போதும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இஞ்சின் வேகமாக ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். ஏறவில்லையா? ரெகுலேட்டரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் துருவையும் பெயிண்டையும் சுரண்டி வெறும் உலோகம் தெரியும்படி செய்து திரும்பவும் முடுக்குங்கள். பல வகைகளில் அந்த உடம்புதான் எர்த். அப்படியும் ஏறாவிட்டால்தான் சார்ஜுக்கு மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டரைச் சோதிக்க வேண்டும்.

வண்டியில் வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரி வயரோடு ரெகுலேட்டர் வயரையும் முதலில் கழற்றிவிடுங்கள்.