வெள்ளவத்தையின் கட்டாக்காலி நாய்களைக் கணிப்பது எப்படி?

கட்டாக்காலி நாய்களை ஒன்றுவிடாமல் எண்ணிவிட எவராலும் இயலாது. ஓர் ஒழுங்கையில் எண்ணிய நாயே அடுத்த ஒழுங்கையிலும் முன்னால் வந்து நிற்கும். இத்தகைய குடித்தொகைகளை மதிப்பிட, விலங்குகளைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு, பின்னர் மீண்டும் பிடிக்கும் முறையை ஆய்வாளர்கள் கையாள்கிறார்கள். மீன்களுக்கு அடையாளமிட்ட டென்மார்க்கின் பீட்டர்சன், 1930இல் காட்டு வாத்துகளின் தொகையைக் கணித்த அமெரிக்காவின் லிங்கன் ஆகிய இருவரின் பெயராலும் வழங்கும் இம்முறையை, நாய்களைத் தொடாமல் புகைப்படங்களைக் கொண்டே செய்யலாம்.

காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளை எல்லையாகக் கொள்ளுங்கள். வாகன நெரிசல் தொடங்குமுன் அவை எல்லாவற்றிலும் நடந்து, காணும் ஒவ்வொரு நாயையும் இரு பக்கமும் படமெடுங்கள். இடப்பக்கத்துத் தழும்பு வலப்பக்கப் படத்தில் தெரியாது. கிழிந்த காது, வெள்ளை வால்நுனி, முன்காலின் கறுப்புத் திட்டு போன்றவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘செம்பழுப்பு நாய்’ என்று மட்டும் எழுதிவைப்பதில் பயனில்லை. அந்த நிறத்தில் ஒழுங்கைக்கு நாலு நிற்கும்.

இரண்டு மூன்று நாட்கள் கழித்து, அதே நேரத்தில் அதே வழியாக நடந்து மீண்டும் படமெடுங்கள். முதல்நாள் 30 நாய்கள், மறுமுறை 24, அவற்றுள் முன்பே கண்டவை 12 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறை கண்டவற்றில் பாதி பழையவை என்பதால், முதல்நாள் கண்ட 30உம் மொத்தத்தில் பாதியாகவே இருக்கும். ஆகவே தொகை ஏறத்தாழ 60. சூத்திரமாகச் சொன்னால், 30ஐ 24ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும்.

கணக்கு எளிது, மீளக் கண்டவற்றை இனங்காண்பதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. 12க்குப் பதிலாக 4 நாய்களையே மீளக் கண்டிருந்தால் விடை 180. அந்த நான்கில் ஒன்றை அடையாளம் காணத் தவறினாலோ 240 ஆகிவிடும். எனவே, மீளக் கண்டவை ஏழுக்குக் குறைந்தால் அந்த விடையை நம்பாமல் இன்னொரு காலை நடப்பதே முறை.

இடைப்பட்ட நாட்களில் நாய்கள் வெளியிலிருந்து வந்து சேர்ந்தாலும் விடை கூடிவிடும் என்பதால் இடைவெளியை நீட்டக் கூடாது. மாறாக, மீன்கடை வாசலை விட்டு அகலாத துணிச்சலான நாய்கள் இரு முறையும் படத்தில் விழ, மதில்களுக்குப் பின்னே பதுங்கும் நாய்கள் ஒரு முறையும் சிக்காதிருந்தால், மீளக் கண்டவற்றின் விகிதம் உயர்ந்து, விடை உண்மைத் தொகையிலும் குறைவாக வரும். வீதியோரம் மட்டும் நடப்போருக்குப் பெரும்பாலும் நேர்வது இதுவே. வீடுகளின் பின்புறச் சந்துகளையும் இரு முறையும் பாதையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.