மோட்டார்ஹோமில் ஒரு டிஷ், இரண்டு டிவி

இரண்டு டிவியிலும் ஒரே சேனல் ஓடினால் போதுமா? ஒரு செட்டாப் பாக்ஸும் எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரும் போதும். தனித்தனிச் சேனல் வேண்டுமென்றால் ட்வின் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் தலை, இரண்டு வெளியீடுகள் கொண்டது) போட்டு, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி ஆர்ஜி6 கேபிள் (டிஷ்ஷுக்குப் பயன்படும் கோஆக்சியல் கேபிள்) இழுங்கள்.

டிஷ்ஷிலிருந்து வரும் ஒரே கேபிளைச் சாதாரண ஸ்ப்ளிட்டரில் பிரிக்கவே கூடாது. பாக்ஸ் எல்என்பிக்கு அனுப்பும் 13 வோல்ட்டுக்குச் செங்குத்து அலைகளும் 18 வோல்ட்டுக்குக் கிடைமட்ட அலைகளும் வரும். ஒரு பாக்ஸ் 18 கொடுத்தால், மற்றதில் செங்குத்துச் சேனல்கள் மறைந்துவிடும்.

கேபிள் முனையில் எஃப் கனெக்டர் (திருகி மாட்டும் இணைப்பான்) மாட்டும்போது, கேபிளின் வெளிப்பின்னலின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் ஷார்ட், சிக்னலே வராது. அதிகம் கோளாறு வருவது இங்கேதான். கூரைத் துளைக்கு முன்னால் கேபிளைச் சற்றுத் தொங்கலாக வளைத்து விடுங்கள். மழைநீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.