சுகோய்-57 வயித்துக்குள்ள எத்தனை மிசைல்? எண்ணுறதுக்கு முன்னாடி பண்ணக்கூடாத தவறுகள்

ரஷ்யாவோட போர் விமானம் சுகோய்-57 பத்தி பேச்சு வந்தாலே முதல் கேள்வி உள்ள எத்தனை மிசைல் போகும்னுதான், ஆனா முதல்ல கேக்க வேண்டியது மிசைல வைக்கிற அந்த அறை எவ்ளோ நீளம், எவ்ளோ அகலம்னு, அத விட்டுட்டு நேரா எண்ணிக்கைல இறங்குறதுதான் முதல் தவறு.

இது டி-50ங்கிற பேர்ல 2010 ஜனவரி 29 அன்னைக்கு ரஷ்யாவுல கொம்சொமோல்ஸ்க்ல முதல் தடவை பறந்துச்சு, ஓட்டினவர் செர்கேய் பொக்தான். ரெண்டு இன்ஜினுக்கும் நடுவுல இருக்க இடத்துல முன்னாடி ஒரு அறை, அதுக்கு நேர் பின்னாடி இன்னொரு அறை, ஒவ்வொண்ணுலயும் பெரிய மிசைல் ரெண்டு ரெண்டு, மொத்தம் நாலு. இது போக இறக்கை உடம்போட சேர்ற இடத்துக்கு கீழ ரெண்டு பக்கமும் நீளமா முக்கோணமா புடைச்சிருக்கும் பாருங்க, அதையும் சும்மா மூடின்னு நெனச்சு நிறைய பேர் விட்டுடுறாங்க, அதுவும் ஆயுத அறைதான், பக்கத்துக்கு ஒரு குறுகிய தூர மிசைல்.

இப்ப அளவுக்கு வருவோம். கேஹெச்-58 ரேடார தாக்குற பழைய சோவியத் மிசைல், இறக்கை விரிச்ச அகலமே ஒரு மீட்டருக்கு மேல. அத அப்படியே உள்ள வைக்க முடியாதுன்னுதான் இறக்கைய மடக்கி, நீளத்த 4.19 மீட்டருக்கு குறைச்சு யூஷ்கேஇன்னு புது வகையே பண்ணாங்க. மடக்குனா 40 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் சதுரத்துல அடங்கிடும். வீட்ல ரெண்டடி டைல்ஸ் இருந்தா வரிசையா ஏழு டைல்ஸ் எண்ணிப் பாருங்க, அதான் அதோட நீளம், அகலம் ஒரு டைல்ஸ்ல மூணுல ரெண்டு பங்கு. அந்த இடத்த கண்ணால பாத்துட்டா அப்புறம் எது உள்ள போகும் எது போகாதுன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதனாலதான் நம்ம பிரமோஸ் மிசைல உள்ள வெச்சு கொண்டுபோகலாம்னு யாராவது சொன்னா எனக்கு மனசு கேக்காது. பிரமோஸ் எட்டு மீட்டருக்கு மேல நீளம், விமானத்துல மாட்டுற வகையே ரெண்டரை டன். தஞ்சாவூர்ல இருக்க சுகோய்-30 கூட அத வயித்துக்கு வெளிய ஒண்ணே ஒண்ணுதான் தூக்குது. நீளம் மட்டும் இல்ல, மிசைல பிடிச்சு தள்ளிவிடுற லாஞ்சருக்கும் எடை வரம்பு இருக்கு, யூவிகேயூ-50ல பெரிய வகையே 700 கிலோ வரைக்கும்தான்.

அடுத்து, கதவ திறந்தா மிசைல் தானா கீழ விழுந்துடும்ங்கிற நெனப்பு. காலி பாட்டில் வாயில ஊதுனா ஹூம்னு சத்தம் வரும்ல, அதேதான் இங்கயும், ஆனா ஒலிய விட வேகமா போறப்ப நடக்குது, உள்ள இருக்க எல்லாத்தையும் அந்த அதிர்வு போட்டு உலுக்கும், காத்தோட்டம் மிசைலோட மூக்க திருப்பி விமானத்து மேலயே மோத வைக்கவும் வாய்ப்பு உண்டு. அதான் லாஞ்சர் அத வேகமா கீழ தள்ளுது. வீடியோவ பிரேம் பிரேமா அளந்து சோதிக்கிற வேலை இது, கதவு திறந்த போட்டோ ஒண்ண வெச்சு ஆயுதம் ரெடின்னு முடிவு பண்ணா அந்த இன்ஜினியர்ங்க பட்ட பாட்டுக்கே மதிப்பில்லாம போயிடும்.

உள்ள ஆயுதம் வெச்சாலே ஸ்டெல்த், அதாவது ரேடார்ல லேசுல சிக்காத விமானம்ங்கிறதும் தப்பு. அமெரிக்காவோட எஃப்-102 போர் விமானம் 1950கள்லயே மிசைல உள்ளதான் வெச்சுக்கிச்சு, அது காத்து இழுவைய குறைக்க.

சோதனைக்கு செஞ்ச மாதிரி விமானத்த பாத்து, படைக்குன்னு செய்யுற தயாரிப்பு விமானத்த எடை போடுறது இன்னொரு பெரிய தப்பு. 2024 நவம்பர்ல சீனாவோட ஜுஹாய் கண்காட்சில சுகோய்-57 பக்கத்துல போய் படம் எடுத்து ஸ்க்ரூ தெரியுது, இடுக்கு தெரியுதுன்னு பேசினாங்களே, அந்த 054 நம்பர் 2012லயே பறந்த நாலாவது மாதிரி. ரஷ்யாவோட சோதனை விமானம் மிக் 1.44, 2000ல ரெண்டே தடவை பறந்துச்சு, அதோட ஆயுத அறை பத்தி படிக்கிறதெல்லாம் திட்டத்துல இருந்த கணக்கு. 2021 ஜூலைல மாஸ்கோ பக்கத்துல மாக்ஸ் விமான கண்காட்சில வெச்ச செக்மேட்ங்கிற இன்னொரு சுகோய் போர் விமானமும் முழு அளவு மாடல்தான், உள்ள அஞ்சு மிசைல்னு அறிவிச்சாங்க, அந்த அஞ்ச எழுதுறப்ப அறிவிப்புன்னு சேர்த்தே எழுதுங்க.