நீரேற்று நிலையத்தின் கணினித் திரைக்கு உருவங்கள் வரைதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

தாமிரபரணி ஆற்றில் உறைகிணறு அமைத்து, அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்குக் குடிநீர் ஏற்றும் நிலையங்கள் நெல்லைச் சீமையில் பல உண்டு. அவற்றைப் போன்ற ஒரு நிலையத்தை, ஓர் உறைகிணறு, இரண்டு பம்புகள், ஒரு வால்வு, ஒரு மேல்நிலைத் தொட்டி என்ற அளவில் மாதிரியாக எடுத்துக்கொண்டு, அதன் ஆப்பரேட்டர் பார்க்கும் ஸ்காடா (கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு) திரைக்கான உருவங்களை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் வரையலாம். இன்றைய ஸ்காடா மென்பொருள்கள் பலவும் அதில் சேமிக்கும் எஸ்விஜி என்ற வகைப் படக்கோப்பை ஏற்றுக்கொள்கின்றன.

படி 1: நிலைகளை எழுதிக்கொள்ளுதல்

கணினியைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு கருவியும் எந்தெந்த நிலைகளில் இருக்கக்கூடும் என்று தாளில் எழுதுங்கள். பம்ப் ஓடலாம், நின்றிருக்கலாம், கோளாறால் தானாக நின்று ‘டிரிப்’ ஆகியிருக்கலாம், பராமரிப்புக்காக விலக்கப்பட்டிருக்கலாம், அல்லது கருவிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியிலிருந்து அதைப் பற்றிய தகவலே வராமல் போயிருக்கலாம். புதிதாக வரைபவர்கள் முதல் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால், தொடர்பு அறுந்த பிறகும் திரை கடைசியாக வந்த ‘ஓடுகிறது’ என்ற தகவலையே காட்டிக்கொண்டிருந்தால், தொட்டி காலியாகும் வரை ஆப்பரேட்டருக்கு ஐயமே எழாது. ஆகவே, கருவியின் தோற்றத்தைவிட அதன் நிலைகளை வரைவதுதான் நம் வேலை என்பது என் கருத்து.

படி 2: பின்னணி

1920 × 1080 அளவில் பக்கத்தை அமைத்து, 10 பிக்சல் இடைவெளியில் கட்டக்கோடுகளை இயக்கி, உருவங்கள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும்படி செய்யுங்கள். பின்னணிக்கு வெளிர் சாம்பல் போதும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் மதிப்பும் 211 என்று வைக்கலாம். அலாரத்துக்கென்று ஒதுக்கிய சிவப்பையும் மஞ்சளையும் வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

படி 3: தொட்டி

120 அகலம், 200 உயரம் கொண்ட செவ்வகம் ஒன்றை அடர் சாம்பல் கோட்டில் வரைந்து, அதனுள் நீர்மட்டத்துக்காக இன்னொரு செவ்வகத்தை வையுங்கள். எஸ்விஜியில் அளவுகள் மேல் இடது மூலையிலிருந்து கீழ்நோக்கி எண்ணப்படுவதால், உள்செவ்வகத்தின் உயரத்தை மட்டும் மாற்றினால் நீர் கூரையிலிருந்து தொங்குவதுபோலத் தெரியும். அதனால் உயரத்தோடு தொடக்கப் புள்ளியையும் சேர்த்து மாற்ற வேண்டும்: மட்டம் 70 விழுக்காடு என்றால் உயரம் 140, தொடக்கப் புள்ளி தொட்டியின் மேல்விளிம்பிலிருந்து 60 கீழே.

தொட்டியின் பக்கத்தில் மெல்லிய பட்டை ஒன்றை வரைந்து, இயல்பான மட்டத்தின் எல்லைகளையும் அலார எல்லைகளையும் அதில் குறியுங்கள். உறைகிணற்றுக்கும் இதே உருவம் பொருந்தும். ஆனால் கார் சாகுபடிக்காகப் பாபநாசம் அணை திறக்கப்படுவதற்கு முந்தைய கோடையில் இயல்பாக இருக்கும் மட்டம், ஐப்பசி, கார்த்திகை மழையில் இயல்பாக இராது. எனவே அந்த எல்லைகளைப் படத்திலேயே நிலையாக வரைந்துவிடாமல், மாற்றத்தக்க மதிப்புகளோடு இணையுங்கள்.

படி 4: பம்ப்

50 பிக்சல் விட்டமுள்ள வட்டத்துக்குள், நீர் செல்லும் திசையைக் காட்டும் முக்கோணம் ஒன்று போதும். முப்பரிமாணப் பளபளப்பு வேண்டாம். நிறத்தில்தான் குழப்பம் வரும். நம் ஊர் மின் பலகைகள் பலவற்றில் சிவப்பு விளக்கு மோட்டார் ஓடுவதையும் பச்சை விளக்கு நின்றிருப்பதையும் குறிக்க, கணினித் திரைகள் பலவற்றில் அது தலைகீழாக இருக்கும். இரண்டையும் ஒரே அறையில் பார்ப்பவருக்காக, ஓடும் பம்பை வெள்ளையாலும் நின்ற பம்பை அடர் சாம்பலாலும் நிரப்பி, கீழே ‘ஓடுகிறது’, ‘நின்றது’ என்று எழுத்திலும் காட்டுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வை ஆண்களிடையே அரிதன்று என்பதும் இதற்கு இன்னொரு காரணம். டிரிப் ஆனால் வட்டத்தின் நிறத்தை மாற்றாமல், அதன் மூலையில் அலாரக் குறியைத் தோன்றச் செய்யுங்கள். அலாரத்தைப் பார்த்துவிட்டதாக ஆப்பரேட்டர் ஏற்றுக்கொள்ளும் வரை அது மட்டும் மினுக்கட்டும். தகவல் வராத நிலைக்கு, உள்நிரப்பு இல்லாத புள்ளிக்கோட்டு வட்டம் பொருத்தமானது.

படி 5: வால்வும் குழாயும்

இரண்டு முக்கோணங்களின் முனைகள் தொடும்படி வைத்தால் வால்வு. பிரதானக் குழாய்க்கு 3 பிக்சல் கோடும் மற்றவற்றுக்கு 1 பிக்சல் கோடும் போதும். நீரோட்டம் இயன்றவரை இடமிருந்து வலமாகச் செல்லட்டும்.

படி 6: எண்கள்

ஒவ்வோர் எண்ணுக்கும் அலகைச் சேர்த்து, புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதை முன்பே முடிவுசெய்து, வலப்பக்கம் சீராக நிறுத்துங்கள். மட்டம் அளக்கும் கருவி 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை மின்னோட்டம் அனுப்புவதாகக் கொண்டால், 4 என்பது பூஜ்ய மட்டம். கம்பி அறுந்தால் மின்னோட்டமே இராது, 3.6க்குக் கீழே சென்றாலே கருவிப் பழுது என்று கொள்வது பரவலான வழக்கம். அப்போது திரையில் ‘0’ என்று காட்டுவது பொய். எண்ணை மறைத்து, அந்த இடத்தில் கோடிட்ட கட்டத்தைக் காட்டும்படி செய்யுங்கள்.

படி 7: பெயரிடுதல்

முதல் பம்பின் பாகங்களை ஒரே குழுவாக்கி, ஒவ்வொன்றுக்கும் அடையாளப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். ஸ்காடாவில் அதை ஒரு வார்ப்புருவாக ஏற்றி, டேக் பெயரின் (ஒவ்வொரு தகவலுக்கும் ஸ்காடாவில் இடும் பெயர்) முன்பகுதியை மட்டும் மாறியாக வைத்தால், இரண்டாம் பம்புக்கு மீண்டும் வரைய வேண்டியதில்லை.

படி 8: சோதித்தல்

தாளில் எழுதிய ஒவ்வொரு நிலையையும் போலி மதிப்புகளால் வரவழைத்துப் பாருங்கள். பிறகு, திரையின் படத்தைக் கருப்பு வெள்ளையில் அச்சிட்டு, அந்த நிலையத்தில் இரவுப்பணி பார்ப்பவரிடம் கொடுத்து, எந்தப் பம்ப் ஓடுகிறது, எது டிரிப் ஆகியிருக்கிறது என்று கேளுங்கள். அவர் தயங்கும் உருவத்தை மட்டும் வார்ப்புருவில் திருத்தினால், அதைப் பயன்படுத்திய எல்லா இடங்களிலும் திருத்தம் சென்று சேர்ந்துவிடும்.