காரில் ஃபாக் லேம்ப் மாட்டுவது எப்படி: வயர் சூடாகித் தீப்பிடிக்காத ரிலே, ஃபியூஸ் வயரிங்

வெளியில் வாங்கி மாட்டிய லைட்டால் கார் எரிந்துபோனால் பழி பல்பின் மேலோ பேட்டரியின் மேலோ விழும். அவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் கருகிக் கிடப்பது நடுவில் யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஒரு இணைப்புதான். அந்த நிலை வராமல் ஒரு ஜோடி 55 வாட் ஹாலஜன் ஃபாக் லேம்ப்பை 12 வோல்ட் பெட்ரோல், டீசல் காரில் மாட்டும் முறை இது. எலக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் பக்கம் கையே கொண்டுபோகாதீர்கள். அது உயர் வோல்ட்டேஜ் லைன்.

முதலில் ஒரு கணக்கு

இரண்டு பல்பும் சேர்ந்து 110 வாட். 12-ஆல் வகுத்தால் 9.2 ஆம்ப். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், பல்பும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். ஆகவே 10 ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம்.

இதே 10 ஆம்பை 4 மீட்டர் நீளமுள்ள 0.5 சதுர மி.மீ. வயரில் ஓட்டினால், வயரிலேயே 14 வாட் சூடாக மாறும். எஞ்சின் சூட்டுக்கு நடுவே, மற்ற வயர்களோடு கட்டி டேப் சுற்றிய நிலையில், உறை இளகிப்போக அது போதும். 2.5 சதுர மி.மீ. வயரில் அது 3 வாட்டுக்கும் குறைவு. விலை வித்தியாசம் சில நூறு ரூபாயைத் தாண்டாது.

ஃபியூஸ் 15 ஆம்ப், நீல நிறம். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அடிக்கடி போகிறதே என்று பச்சை நிற 30 ஆம்பைச் செருகினாலோ, சிகரெட் பாக்கெட் ஃபாயிலைச் சுற்றிச் செருகினாலோ, அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் வயரே உருகும். ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ வயர் உரசுகிறது, அதைத் தேடுங்கள்.

வாங்க வேண்டியவை

2.5 சதுர மி.மீ. ஆட்டோ வயர் சிவப்பு 4 மீட்டர், கறுப்பு 2 மீட்டர். சுவிட்சுக்கு 1 சதுர மி.மீ. வயர் 5 மீட்டர். 12 வோல்ட் 40 ஆம்ப் நான்கு பின் ரிலே (உள்ளே உள்ள காயிலில் சின்ன மின்சாரம் ஓடினால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), சாக்கெட்டோடு. மூடி உள்ள பிளேடு ஃபியூஸ் ஹோல்டர். வளைய லக் (வயர் முனையில் மாட்டி போல்ட்டில் இறுக்கும் வளையம்), கிரிம்ப் ஸ்லீவ் (வயரைச் செருகி அழுத்தி இணைக்கும் உலோகக் குழல்), அதை அழுத்தும் கிரிம்பிங் கருவி, ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்), சுருள் பிளாஸ்டிக் குழாய், ரப்பர் குரோமெட் (தகட்டு ஓட்டையில் பொருத்தும் ரப்பர் வளையம்), கேபிள் டை.

வீட்டு வயரிங்கில் மிச்சமான வயரை எடுத்துப் போடாதீர்கள். அதன் பி.வி.சி. உறை பெரும்பாலும் 70 டிகிரி வரைதான் தாங்கும். பானெட்டுக்குள் 105 டிகிரி என்று அச்சிட்ட ஆட்டோ வயர் வேண்டும். லைட்டோடு பாக்கெட்டில் வரும் ரெடிமேட் வயரையும் நம்பாதீர்கள்: ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். ஃபியூஸ் ஹோல்டரின் சொந்த வயரையும் பாருங்கள். மலிவான ஹோல்டரில் அது நூல் மாதிரி இருக்கும். மீதி எல்லாம் தடிமனாகப் போட்டாலும் அந்த ஒரு சாண் நீளம் சூடேறும்.

படி 1: பேட்டரியைக் கழற்றுங்கள்

சாவியை எடுத்துவிட்டு நெகடிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். பாசிடிவை முதலில் தொட்டால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டதுமே பேட்டரி முழு பலத்தோடு ஷார்ட் ஆகும். மாட்டும்போது நெகடிவ் கடைசி.

படி 2: லைட், ரிலே

லைட்டை பம்பரில் பொருத்துங்கள். ரிலேயை பேட்டரிக்குப் பக்கத்தில், சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து தள்ளி, பின்கள் தரையைப் பார்த்தபடி திருகுங்கள். மேலே பார்த்தால் சாக்கெட்டில் தண்ணீர் தேங்கிப் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

படி 3: மெயின் லைன்

பேட்டரி பாசிடிவ், ஃபியூஸ் ஹோல்டர், ரிலேயின் 30-ஆம் பின், இதுதான் வரிசை. ஹோல்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது. அது பாடியில் உரசினால் நூற்றுக்கணக்கான ஆம்ப் ஓடும், தடுக்க எதுவும் இல்லை. ஃபியூஸை இப்போது செருகாதீர்கள்.

87-ஆம் பின்னிலிருந்து இரண்டு லைட்டுக்கும் சிவப்பு வயர். முழு நீளமும் சுருள் குழாய்க்குள் போகட்டும். ரேடியேட்டர் ஃபேன், பெல்ட், பானெட் கீல் பக்கம் தொங்காதபடி ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போடுங்கள்.

படி 4: எர்த்

லைட்டின் கறுப்பு வயரை இணைக்க, சேஸிஸிலோ பாடியிலோ ஏற்கெனவே உள்ள எர்த் போல்ட் கிடைத்தால் நல்லது. புதிதாகப் பிடித்தால் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு லக்கைப் பல் வாஷரோடு இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாஸ்லின். பெயின்ட்டின் மேலேயே திருகிய எர்த் முதல் நாள் வேலை செய்யும். ஒரு மழைக்காலம் போனதும் துருவேறிச் சூடாகும்.

படி 5: சுவிட்ச்

ரிலே காயிலுக்கு 0.2 ஆம்ப் கூடத் தேவைப்படாது, அதனால் மெல்லிய வயர் போதும். டேஷ்போர்டு ஃபியூஸ் பாக்ஸில் பார்க்கிங் லைட் ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஃபியூஸ் டேப் (fuse tap: ஃபியூஸ் இடத்திலிருந்து கூடுதலாக ஒரு லைன் எடுக்கும் அடாப்டர்) ஒன்றைச் செருகி, அதன் கூடுதல் இடத்தில் 3 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். அங்கிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து ரிலேயின் 86. 85 எர்த்துக்கு. டயோடு உள்ள ரிலேயில் இந்தத் திசை மாறக் கூடாது.

கம்பெனி வயரின் மேல் கவ்வி உறையைக் கிழிக்கும் நீல கிளிப் வேண்டவே வேண்டாம். அது சில இழைகளை அறுத்துவிடும், ஈரமும் உள்ளே போகும். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் புதுக் காரில் கம்பெனி வயரை வெட்டினால் வேறு தலைவலியும் உண்டு.

எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகட்டில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெட் வழியாகவே வயரை எடுங்கள். வெறும் ஓட்டை வழியே எடுத்தால் தகட்டின் விளிம்பு அதிர்வில் மெல்ல மெல்ல உறையை அறுக்கும்.

படி 6: இணைப்புகள்

தீ தொடங்கும் இடம் பெரும்பாலும் இங்கேதான், அவசரப்பட வேண்டாம். இறுக்கமில்லாத ஒரு இணைப்பில் 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். லைட் எரியும்போது அந்தப் புள்ளியில் மட்டும் 16 வாட்டுக்கு மேல் சூடு வரும். சர்க்யூட் போர்டு வேலைக்கு வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். இதில் மோசமானது என்னவென்றால், தடை கூடக் கூட ஓடும் மின்சாரம் குறையும். ஃபியூஸைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே இருக்கும். அது போகவே போகாது, ஸ்லீவ் கருகிக்கொண்டே இருக்கும்.

வயரில் 7 அல்லது 8 மி.மீ. உறை உரியுங்கள், இழை அறுபடக் கூடாது. வயர் அளவுக்குச் சரியான ஸ்லீவ்: 2.5-க்கு நீலம். கட்டிங் பிளையரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. கிரிம்ப் செய்த பிறகு பலமாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் வெட்டி எறிந்து மறுபடி செய்யுங்கள். மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க். பானெட்டுக்குள் கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் போட்டால் சூட்டில் பசை உருகி அவிழ்ந்துவிடும். சால்டர் வைப்பது தப்பில்லை, ஆனால் ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் ஒடியும். அப்படிச் செய்தால் இருபுறமும் கட்டிப் பிடியுங்கள்.

படி 7: சோதனை

பல்பு கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, 87 லைனுக்கும் பாடிக்கும் மல்டிமீட்டரைப் பஸ்ஸரில் வையுங்கள். சத்தம் வரக் கூடாது. பல்பு மாட்டியிருந்தால் குளிர்ந்த ஃபிலமென்ட்டே சத்தம் கொடுக்கும், ஷார்ட் என்று குழம்புவீர்கள்.

பிறகு பல்பு, பேட்டரி, கடைசியாக ஃபியூஸ். எஞ்சினை ஓடவிட்டு லைட்டைப் போடுங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி பாசிடிவிலும் மறுமுனையை லைட்டின் பாசிடிவிலும் வையுங்கள்: 0.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். லைட்டின் எர்த்துக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவே 0.1-ஐ ஒட்டி இருக்கட்டும். கூடினால் ஃபியூஸ் ஹோல்டர், ரிலே சாக்கெட், ஒவ்வொரு லக் என்று தனித்தனியாக அளந்தால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும். 20 நிமிடம் எரியவிட்டு எல்லா இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, விரல் வைக்க முடியவில்லை என்றால் அந்த இணைப்பை மறுபடி செய்யுங்கள். ஒரு மாதம் ஓடியபின் இன்னொரு முறை.

இன்னும் இரண்டு

ஹெட்லைட்டில் 60/55 வாட்டுக்குப் பதில் 100/90 பல்பு போடுவதும் இதே வியாதிதான்: 5 ஆம்புக்குச் செய்த வயரில், ஹோல்டரில் 8 ஆம்புக்கு மேல் ஓடும். ஹோல்டர் பழுப்பேறுவது முதல் அறிகுறி. ரொம்ப நாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து எலிக் கடி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் லைட்டை அணைத்து, ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி, எல்லோரையும் இறக்குங்கள். பானெட்டை முழுக்கத் தூக்காதீர்கள், காற்று பட்டதும் நெருப்பு எழும்பும். லீவரை இழுத்து லேசாக விட்ட இடுக்கு வழியாக 1 கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பு சிலிண்டரால் அடியுங்கள். சிலிண்டரை டிக்கியில் போட்டுவைத்தால் அந்த நேரத்தில் கைக்கு வராது, டிரைவர் சீட்டுக்கு முன்னால் பிராக்கெட்டில் மாட்டுங்கள். நெருப்பு பானெட்டைத் தாண்டிவிட்டால் அணைக்க நிற்காமல் தள்ளிப் போய் 101-ஐ அழையுங்கள்.